பல் மருத்துவர் வாங்கிய மாங்குயில்

பலகையில் மரத்தகடு பதித்துச் செய்த படங்களிலுள்ள பறவைகள் விடிந்ததும் படத்தைவிட்டுப் பறந்துபோய் மாலையில்தான் திரும்புகின்றன என்று முதலில் புகார் சொன்னவர் ஒரு பல் மருத்துவர். அவர் வாங்கியது மாங்குயில். உடம்பு பலாமரம், சிறகு கருங்காலி, அலகு செம்மரம். சாயம் ஒரு சொட்டு கிடையாது. காத்திருப்பு அறையில் மாட்டியிருந்தார். பல்வலியோடு வருகிறவர்கள் பகலெல்லாம் பார்த்தது பறவை வடிவத்தில் ஒரு பள்ளத்தை மட்டுமே. “நான் வாங்கினது பறவையை, பலகையை இல்ல” என்றார்.

பறவைகளைச் செய்தவள் அக்கா. மெல்லிய மரத்தகடுகளை ரேகை பார்த்து அறுத்து, இறகு இறகாகப் பதிப்பாள். மெருகேற்றி விற்பது தம்பியின் வேலை. “போனா என்ன, வந்துடுதுல்ல?” என்றாள் அக்கா. தம்பிக்கோ வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். அவளிடம் சொல்லாமல் ஒரு மாலை மருத்துவரிடம் போய்க் குயில்மேல் கெட்டியாக வார்னிஷ் பூசினான். அது பிறகு எங்கும் போகவில்லை. கடையிலிருந்த மற்றப் பறவைகளுக்கும் அதே வைத்தியம் நடந்தது.

அன்றோடு அக்கா அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். சாப்பிடக் கூப்பிடுவதுகூட அவன் மனைவி வழியாகத்தான். வருடங்கள் ஓடின. புதிதாகச் செய்த பறவைகளுக்கெல்லாம் அவள் மூடிய கண்களையே வைத்தாள். தூங்குகிற பறவையை வாங்க ஆள் வரவில்லை. “கண்ணைத் திறந்து வையேன்க்கா” என்று தம்பி கெஞ்சினான். அக்கா அவன் மனைவியைப் பார்த்து, “வெளிய போக வழியில்லாததுக்குக் கண்ணு எதுக்குன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளும்மா” என்றாள்.

பிறகு தம்பிக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. மருத்துவர் ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, மரத்துப்போகும்வரை வெளியே உட்காரச் சொன்னார். எதிரே மாங்குயில். மஞ்சள் மங்கியிருந்தது. வார்னிஷின் உட்பக்கத்தில், அலகு எட்டிய இடமெல்லாம், மெல்லிய கீறல்கள். தம்பி படத்தைக் கழற்றி மடியில் வைத்து, சட்டைப்பையிலிருந்த உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான்.

“என்னய்யா பண்றீங்க!” என்று மருத்துவர் கத்தினார். வாயில் பஞ்சு இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. கடைசிப் படலம் உதிர்ந்ததும் குயில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு சன்னல் வழியே போயிற்று.

கோணிய வாயோடு வீட்டுக்கு வந்து, நடந்ததைக் குழறிக் குழறிச் சொன்னான். அக்கா வெகுநேரம் அவனுடைய விரல்களில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கையைக் கழுவிட்டு வாடா, சாப்பிடலாம்” என்றாள்.

மறுநாளிலிருந்து தம்பி வீடு வீடாகப் போய் வார்னிஷைச் சுரண்டினான். மாங்குயில் மழைக்காலம் முடிந்துதான் திரும்பியது, காலெல்லாம் சேறு. மருத்துவரின் உதவியாளர் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.