நாலாவது தாள்

படம் முடிகிற நேரத்தில்தான் அந்த வாக்கியம் வந்தது. அதுவரை மதலைமுத்து நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய கலகக் கதை. கதாநாயகன் யானையின் தந்தத்தில் கால் வைத்து ஏறினான். ஒற்றை ஆளாக நூறு குதிரைகளை மறித்தான். வரி கேட்டு வந்தவனின் தலையை நுங்கு சீவுவதுபோலச் சீவினான். பக்கத்தில் மகள் ஜோவிதா பொரியை வாய்க்குக் கொண்டுபோகவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் திரை இருண்டு, ஒரு பாறை தெரிந்தது. கொள்ளேகாலுக்கு அப்பால் இருக்கும் இந்தச் சோளப்பாறையில்தான் அந்தக் கலகம் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு கனத்த குரல் சொன்னது. ஆனால் முடிவைச் சொல்லும் இடத்தில் 'கல் சிதைந்துள்ளது' என்று படியெடுத்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்களாம். அதனால்தான் வீரனின் கடைசிப் போரைத் தாங்களே கற்பனை செய்து நிரப்பினார்களாம்.

குளிரூட்டிய கொட்டகையிலும் மதலைமுத்துவுக்கு வேர்த்தது. கல் சிதையவில்லை. அந்த இரண்டு சொற்களைப் பென்சிலால் எழுதியவர் அய்யாவு. எழுதியது இவருக்காக.

மைசூரில் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் ஓர் ஆபீஸில் இரண்டு பேரும் பத்தொன்பது வருஷம் ஜோடியாக வேலை பார்த்தார்கள். படிப்பாளிகள் ஆபீஸில் உட்கார்ந்து படிப்பார்கள். ஊர் ஊராகப் போய்க் கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்றி எடுத்துக்கொண்டு வருவது இவர்கள் வேலை. எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் வரும். காய்ந்ததும் உரித்து, பின்பக்கத்தில் ஊர், தேதி, எத்தனையாவது தாள், கல் எப்படி இருக்கிறது என்று பென்சிலால் எழுதி, இரண்டு பேரும் முதலெழுத்துப் போட வேண்டும். ம., அ. ஒற்றைக் கையெழுத்தோடு வரும் தாளை ஆபீஸில் வாங்க மாட்டார்கள்.

வேலை தொடங்குமுன் அய்யாவு ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லின் காலடியில் ஊற்றி, "தாயே, அடி வாங்கப் போறே, மனசுல வெச்சுக்காதே" என்பார். மதலைமுத்து சிலுவை போட்டுக்கொள்வார். "ரெண்டு பக்கமும் சொல்லியாச்சு, இனி எழுத்து நல்லா வரலேன்னா அது கல்லோட தப்பு" என்பது அய்யாவுவின் வாடிக்கையான பேச்சு. ஸ்டவ்வில் முட்டைக் குழம்பு வைப்பது அவர். வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்குவது இவர். அய்யாவுவின் குறட்டைக்கு முகாமுக்குப் பக்கத்தில் நாய்கூட வராது. அந்தக் குறட்டையைக் கேட்க இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று மதலைமுத்து சில மத்தியானங்களில் நினைப்பதுண்டு. அய்யாவு போய் ஆறு வருஷமாகிறது.

சோளப்பாறைக்குப் போனது எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம். பெரிய பாறை, நாலு தாள் வேண்டியிருந்தது. மூன்று தாள்கள் அருமையாக வந்தன. தறிக்கு வரி, செக்குக்கு வரி, மேய்ச்சலுக்கு வரி, கல்யாணப் பந்தலுக்கு வரி என்று பட்டியல். அதிகாரிகள் செய்த கொடுமைகள். பிறகு எல்லாச் சாதி ஜனங்களும் இந்தப் பாறையடியில் ஒன்றாகக் கூடியது. நாலாவது தாளை ஒட்டி அடித்துக்கொண்டிருக்கும்போது மதலைமுத்து ஒவ்வொரு வரியாக விரலால் தடவி உரக்கப் படித்தார். நாங்கள் எல்லோரும் அடுப்பை அணைத்து, கதவைச் சாத்தி, பிள்ளைகளும் நாங்களும் ஆடுமாடுகளோடு காடேறிப் போனோம். மூன்று போகம் ஊர் பாழாய்க் கிடந்தது. ராயர் ஆள் வந்து, விளைந்ததற்குத் தக்க வரி என்று சொன்ன பிறகே திரும்பினோம். அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். குயவன், தச்சன், வண்ணான், செக்கான். கத்தியும் இல்லை, குதிரையும் இல்லை.

"அட, சண்டையே போடலியா? ஓடிட்டானுகளா?" என்று மதலைமுத்து சிரித்தார்.

அய்யாவு சிரிக்கவில்லை. "ஊரே ஒரே நாள்ல அடுப்ப அணைக்கறது லேசுன்னு நெனச்சியா? கத்தி எடுக்கறதுக்கு ஒருத்தன் போதும்டா. இதுக்கு அத்தன பேரும் வேணும்."

அடுத்து மை ஒற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் சைக்கிளில் ஒருவன் வந்தான். மதலைமுத்துவின் மனைவி மரியபுஷ்பத்துக்கு ஒரு மாசம் முன்னதாகவே வலி எடுத்து மைசூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தபாலாபீஸுக்குப் போன் வந்திருக்கிறது. கிழக்கே வானம் கறுத்திருந்தது. கொள்ளேகால் பஸ் இன்னும் கால் மணியில். மதலைமுத்து மைக் கிண்ணத்தோடு நின்றார். கிண்ணம் சாய்ந்து மை வேட்டியில் கொட்டியது. அய்யாவு கிண்ணத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தார். "கல்லு அறுநூறு வருஷமா இருக்குது, எங்கியும் போவாது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஈரத் தாள் பாறையிலேயே இருந்தது. பஸ் பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மரியபுஷ்பத்துக்கு ரத்தம் வேண்டியிருந்தது. பொருந்தியது அய்யாவுவின் ரத்தம். ஜோவிதா பிறந்தாள். அனுமதியில்லாமல் முகாமை விட்டு வந்தது தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று அய்யாவு வெறும் தாள் ஒன்றை எடுத்து, நாலாவது என்று எண் போட்டு, 'கல் சிதைந்துள்ளது' என்று எழுதி, தன் எழுத்தையும் போட்டு, இவர் எழுத்தையும் வாங்கிக்கொண்டார். அடுத்த கோடையில் போய் ஒழுங்காக எடுத்துவிடலாம் என்றார். அடுத்த கோடையில் காட்டுப் பக்கம் போலீஸ் முகாம்கள் வந்துவிட்டன. ஆபீஸ் ஜீப் அந்தத் திசைக்கே போகவில்லை. அதற்கடுத்த கோடையில் வேறு மாவட்டம். அப்படியே இரண்டு பேரும் ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

படம் பார்த்துவிட்டு மைசூர் விஜயநகரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜோவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நர்ஸ். எதற்கும் பதறுகிறவள் இல்லை. "இவ்ளோதானே அப்பா? போய் எடுத்துட்டு வந்து ஆபீஸ்ல கொடுத்துடுங்க. சும்னே யோசனை பண்ணாதீங்க" என்றாள் கன்னடம் கலந்த தமிழில்.

எடுத்துக் கொடுப்பது பெரிதில்லை. கல் நன்றாக இருக்கிறது என்று காட்டினால், சிதைந்தது என்று எழுதியவன் பொய்யன். அந்தக் கையெழுத்து அய்யாவுவுடையது. கொள்ளேகாலில் அவருடைய மனைவி வடிவு, நாணயமான உழைப்புக்காக ஆபீஸ் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து இதை எப்படிச் சொல்வது?

ஞாயிறு பூசை முடிந்ததும் கொள்ளேகாலுக்குக் கிளம்புகிறேன் என்பார். பழைய பிரஷ்ஷைத் தேடி எடுத்தார், விளக்குக்கரியும் கோந்தும் குழைத்து மை தயார் செய்தார், தாள் வாங்கி வைத்தார். பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை. ஒரு வாரம் முழங்கால் வலி. ஒரு வாரம் யாரோ வீட்டு ஞானஸ்நானம். நடுநடுவே வடிவுக்குப் போன் போட்டு, நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். இப்படியே மூன்று மாசம் போயிற்று.

மரியபுஷ்பம் ஒருநாள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டே பேச்செடுத்தாள். "பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள மாதிரி வாராவாரம் பையக் கட்டுறீங்க, அவிழ்க்கிறீங்க. வெக்கமா?"

"வடிவு மொகத்தப் பாக்கணுமே."

"அந்த மனுஷன் ரத்தம் என் ஒடம்புல ஓடுது." கையில் இருந்த பீன்ஸைக் கீழே வைத்துவிட்டாள். "ரத்தத்த வாங்கிக்கிட்டோம். பொய்ய மட்டும் அவர் தலையிலயே விட்டு வெச்சிருக்கோம். அது நியாயமாங்க?"

அடுத்த சனிக்கிழமை ஜோவிதா லீவு போட்டுக் காரை எடுத்தாள். மூவரும் கிளம்பினார்கள்.

வடிவு காபி கொடுத்தாள். பேரன் படிப்பு, மரியபுஷ்பத்தின் சர்க்கரை எல்லாம் விசாரித்தாள். மதலைமுத்து டம்ளரின் அடியைப் பார்த்தபடியே ஆரம்பித்து, மழை, பஸ், வெறும் தாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சொல்லி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"இதச் சொல்லத்தான் மூணு மாசமா போன் பண்ணிப் பண்ணிச் சும்மா வெச்சீங்ளாண்ணா?" என்றாள் வடிவு.

தனக்குத் தெரியும் என்றாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிப் படுக்கையில், "வடிவு, கல்லு நல்லாத்தான் இருந்துது, நாந்தான் மாத்தி எழுதீட்டேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மூத்திரப்பைக் கல்லைச் சொல்கிறார் என்று இவள் டாக்டரைப் போய் உலுக்கி, இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கவைத்துவிட்டாள். கல் எதுவும் இல்லை. பிறகு நிதானமாகக் கேட்டபோது எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு, மதலை தானாகப் பேச்செடுக்கும்வரை நீ கேட்காதே, அவன் கூச்சப்படுவான் என்றாராம்.

சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் கொல்லைக் கதவைப் பூட்டினாள் வடிவு. குடை எடுத்துக்கொண்டாள். "வெயிலுங். தாளு சட்டுனு காஞ்சா ஒடையும்னு அவரு சொல்வாருங்" என்றாள்.

சோளப்பாறைக்கு இப்போது தார் ரோடு இருந்தது. வண்டி நிறுத்த இடம், இளநீர்க் கடை, கதாநாயகன் வாளோடு நிற்கும் ஆளுயரப் படம். பாறையை மதலைமுத்து தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். இடமிருந்து வலமாகக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டு நடந்தார். முதல் தாள். இரண்டாம் தாள். மூன்றாம் தாள். நாலாவது இடத்துக்கு வந்ததும் நின்றார்.

பாறையடியில் கல் கூட்டிய அடுப்புகள். அவற்றுக்கு மேலே ஆளுயரத்துக்குக் கரி. கரிக்கு நடுவில் பாறை ஏடு ஏடாக உரிந்து, வெளுத்த உள்சதை தெரிந்தது. காலடியில் கருங்கல் சில்லுகள் அப்பளம்போல நொறுங்கின.

இளநீர்க் கடைக்கார ஜடையன் வந்து விஷயத்தைச் சொன்னார். படம் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பாறை மறைவில் காற்று அடிக்காது என்று அங்கேதான் பிரியாணிக்கு அடுப்பு மூட்டுவார்களாம். போன மாசம் ஒரு பெரிய கோஷ்டி. தீ ஏறிப்போய்விட்டது என்று குடம் குடமாய்த் தண்ணீரை ஊற்றினார்கள். வெடி போட்ட மாதிரி சத்தம் கேட்டதாம். ஒருத்தருக்கும் அடிபடவில்லை, அந்த வீரன்தான் காப்பாற்றினான் என்று சொல்லிக்கொண்டு போனார்களாம்.

"போன மாசமா?" என்று கேட்டார் மதலைமுத்து.

"ஆமாங். இன்னிக்கு முப்பது நாளு இருக்குங்."

அவர் ஒரு அடுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். கல் எங்கேயும் போகாது என்று அய்யாவு சொன்னது முப்பத்தாறு வருஷம் மெய்யாக இருந்திருக்கிறது. இவர் கூச்சப்பட்ட மூன்று மாசத்தில் பொய்யாகிவிட்டது. மரியபுஷ்பம் அவருடைய தோளில் கை வைத்தாள். இளநீரை வடிவு வாங்கிக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். குடத்தில் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு மொண்டு பாறையின் காலடியில் ஊற்றினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். ஜோவிதா தாளின் மேல் முனைகளைப் பிடித்தாள், மரியபுஷ்பம் தண்ணீர் தெளித்தாள், வடிவு குடையை நிழல் விழும்படி சாய்த்துப் பிடித்தாள். அவர் அடித்தார். முதலில் கை வரவில்லை. நாலைந்து அடிக்குப் பிறகு பழைய தாளம் தானாக வந்தது. முதல் இரண்டு அடி பலமாக, மூன்றாவது மெதுவாக. அந்த மூன்றாவது அடியில் அய்யாவு எப்போதும் ஒரு 'ம்' போடுவார். வடிவு போட்டாள். எங்கே கேட்டு வைத்திருந்தாளோ.

மை ஒற்றியபோது தாள் பெரும்பாலும் ஒழுங்கில்லாத கறுப்பாகவே வந்தது. வலது மேல் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பாறை பிழைத்திருந்தது. அங்கே வெள்ளையாக இரண்டு சொற்கள் எழுந்தன. 'பிள்ளைகளும் நாங்களும்.' அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தாள் காய்ந்ததும் உரித்து, காரின் முன்மூடியில் தாளைக் குப்புறப் போட்டுப் பென்சிலை எடுத்தார். ஊர் எழுதினார், தேதி எழுதினார். நாலாவது தாள் என்று எழுதினார். அடுத்து 'கல் சிதைந்துள்ளது' என்று எழுதிவிட்டு அதையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே, '1988 மே மாதம் சிதையவில்லை. அப்போது தாளில் எடுக்காமல் விட்டது என் தவறு. அன்று விரலால் படித்தது இது' என்று எழுதி, அடுப்பை அணைத்ததிலிருந்து ஆரம்பித்து நினைவில் இருந்தவரை எழுதினார். பெயர்களில் நாலுதான் வந்தன. மற்றவற்றுக்கு ஆபீஸ் வழக்கப்படி புள்ளிகள் வைத்தார். புள்ளிகள் மூன்று வரிக்கு ஓடின. முடிவில் ம. என்று போட்டுப் பென்சிலைப் பைக்குள் வைக்கப் போனார்.

"அவரு எழுத்து எங்கீங்?" என்றாள் வடிவு.

அய்யாவுவை இதில் இழுக்க வேண்டாம், பழி முழுவதும் தன்னோடு போகட்டும் என்று அவர் முணுமுணுத்தார்.

"பொய்யில சேத்துக்கிட்டீங்ளேண்ணா. நெசத்துல மட்டும் உட்டுட்டுப் போவீங்ளா?"

அவர் பென்சிலை அவளிடம் நீட்டினார். வடிவு வாங்கி, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ம.வுக்குப் பக்கத்தில் அழுத்தி அ. என்று எழுதினாள்.

முன்பக்கத்து மை இன்னும் முழுதாகக் காயவில்லை. சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் கொள்ளேகால் வரைக்கும் பின்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, தாளை மடியின் குறுக்கே விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜோவிதா ஒவ்வொரு மேட்டுக்கும் வேகத்தைக் குறைத்தாள். மரியபுஷ்பத்தின் வெள்ளைச் சேலையில் மை பட்டுவிட்டது. அவள் அதைக் கவனித்தும் தாளை விடவில்லை.