கட்டுச்சோற்றுக்கு அனுமதி இல்லை

கேளிக்கைப் பூங்காவின் கொலம்பஸ் கப்பலை எது ஆட்டுகிறது என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். மேலே ஒன்றும் கிடையாது. நான்கு இரும்புக் கால்கள், குறுக்கே ஓர் அச்சு, அதில் தொங்கும் கப்பல், அவ்வளவுதான். சூட்சுமம் கீழே இருக்கிறது. மேடைப் பலகைக்கு அடியில் ஒரு ரப்பர் டயரை மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தால் காற்றழுத்தத்தில் அந்த டயர் எழும்பி, கடந்துபோகிற கப்பலின் அடிவயிற்றைத் தொட்டு ஒரு தள்ளு தள்ளும். ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரிதான். நேரம் பார்த்துத் தள்ளினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் உயரும். தள்ளாமல் விட்டால் தானே அடங்கும்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் இருந்த குபேரா லேண்டில் அந்தப் பெடல் என்னுடையது. பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். பார்க் திறந்த புதிதில் வாசல் டிக்கெட் மலிவு. உள்ளே போய் எந்த விளையாட்டு வேண்டுமோ அதற்கு மட்டும் தனிச் சீட்டு வாங்கலாம். ஒரு குடும்பம் வரும். பிள்ளைகள் கப்பலில் ஒரு தடவை, ராட்டினத்தில் ஒரு தடவை ஏறும். அப்பா புல்தரையில் படுத்திருப்பார். மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை.

பிறகு தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் பக்கம் நீலக்கடல் பார்க் வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அவர்கள் எங்களைவிடப் பெரிய கப்பல் வாங்கினார்கள். எங்கள் முதலாளி கப்பலின் கால்களை வெட்டி ஒட்டி உயரம் ஏற்றினார். ஆடும்போது மூக்கு மதில் சுவருக்கு மேலே ரோட்டுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் உத்தரவு. கூட்டமே இல்லாவிட்டாலும் காலையில் காலிக் கப்பலை ஆட்டச் சொல்வார். ரோட்டில் போகிறவன் கப்பல் மேலே வந்து மறைவதைப் பார்ப்பான், ஸ்பீக்கரில் பாட்டைக் கேட்பான், உள்ளே ஏதோ நடக்கிறது என்று பையனைக் கூட்டிக்கொண்டு வருவான். வலை வீசுகிற மாதிரி ஒரு வேலை அது.

அவர்கள் அலைக்குளம் வெட்டினார்கள். நாங்களும் வெட்டினோம். அலைக்குளத்தில் யாரும் தண்ணீரை இறைப்பதில்லை. குளத்தின் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். பெரிய மின்விசிறிகள் அந்த அறைகளுக்குள் காற்றைத் திணிக்கும், விடும், திணிக்கும், விடும். காற்று தண்ணீரை அமுக்க, அது குளத்துப் பக்கம் பொங்கி அலையாகப் போகும். பார்க்க அழகுதான். அதன் கரண்டு பில்லை யார் கட்டுவது? உள்ளே வருகிறவன்தான். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விலையேற்றம்.

அடுத்து, 'எல்லா விளையாட்டும் ஒரே டிக்கெட்டில்' என்று நீலக்கடல் போர்டு வைத்தது. நாங்களும் வைத்தோம். சனங்கள் லாபம் என்று நினைத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு இப்படி வேலை செய்யும்: காசு முழுவதையும் வாசலிலேயே வாங்கியாகிவிட்டது. கூட்டம் அதிகமானால் வரிசை நீளும். வரிசை நீண்டால் ஒருவன் ஏறக்கூடிய விளையாட்டு குறையும். அவன் கொடுத்த காசு மட்டும் குறையாது. கொடுத்த காசுக்கு ஈடாக ஏறிவிட வேண்டும் என்று இருட்டும்வரை வெயிலில் நிற்பான். அவ்வளவு நேரம் நிற்கிறவனுக்குப் பசிக்கும். அந்தப் பசியையும் விட்டுவைப்பார்களா?

தை பிறப்பதற்கு முந்தின வாரம் மேனேஜர் வேதசிரோமணி எங்களை எல்லாம் கேன்டீனில் கூட்டினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், முதலாளி புதிதாகக் கொண்டுவந்தவர்.

"நீலக்கடல்ல கார்த்திகை மாசத்துலருந்தே வெளிச் சாப்பாட்டுக்குத் தடை போட்டாச்சு. அவங்க கேன்டீன் வசூல் டபுள். நாமளும் போடுறோம். காணும் பொங்கல்ல ஆரம்பம்."

வாசலில் பை சோதிக்கிற என் அக்கா கங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "சார், காணும் பொங்கலா? வேற நாள்ல ஆரம்பிங்க சார். அன்னிக்கு வர்றதே சோத்தக் கட்டிகினுதான் வருவாங்க."

"கூட்டம் எப்ப ஜாஸ்தியோ அப்பத்தாம்மா சட்டம் போடணும். ஆளுக்கு ஒரு பிரிஞ்சி வாங்கினாலே போதுமே."

"அன்னிக்குக் கட்டுச்சோறு இல்லாம எவனும் வூட்ட வுட்டுக் கெளம்ப மாட்டான் சார்."

"கங்கம்மா," மேனேஜர் சிரித்தார், "ஒன்னாந் தேதி உன் பெர்மனென்ட் ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமலா? மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, சர்க்கரை வியாதி. குரோம்பேட்டையில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். காலில் ஆறாத புண்ணோடு வீட்டில் கிடந்தார். அக்கா பெர்மனென்ட் ஆனால் ஈ.எஸ்.ஐ. கார்டு கிடைக்கும், குடும்பத்துக்கே வைத்தியம் இலவசம். கார்டு கிடைத்தால் அந்தக் காலைக் காப்பாற்றலாம். மூன்று வருடமாகத் தினக்கூலியில் அவள் அந்த வாசலில் நின்றது அந்த ஒரு கார்டுக்காக.

காணும் பொங்கல் அன்று காலையிலேயே வண்டலூரில் ரயில் ரயிலாகச் சனம் இறங்கியது. பாதி மிருகக்காட்சி சாலைக்குப் போக, மீதி எங்களுக்கு. பல்லவன் பஸ், டெம்போ, மீன்பாடி வண்டி, எல்லாவற்றிலும் வந்தார்கள். அன்றைக்கு 'விசேஷ தினம்' என்று டிக்கெட்டை இரண்டு மடங்காக்கி இருந்தார்கள். கவுன்டரில் ஒரே சத்தம். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்த பிறகு எந்தத் தகப்பன் திரும்பிப் போவான்? அது தெரிந்துதான் ஏற்றியிருந்தார்கள். திட்டிக்கொண்டே வாங்கினார்கள்.

வாங்கின பிறகுதான் அக்காவின் மேஜை. 'கட்டுச்சோற்றுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் போர்டு.

சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது, போகும்போது திருப்பிக் கொடுப்பது என்பது ஏற்பாடு. கொஞ்ச நேரத்திலேயே டோக்கன் தீர்ந்துவிட்டது. அக்கா அதற்கும் அசரவில்லை. நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள் அல்லவா? சின்ன மெஷினின் ஊசி டர்ர் என்று புள்ளி புள்ளியாய்க் குத்திக்கொண்டே எழுதும். கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர், வாங்கின தேதி எல்லாம் இருக்கும். அக்கா கேரியரைத் திருப்பிப் பேரைப் படித்துப் பின்னால் இருந்த ஷெட்டில் அடுக்கினாள். "முத்தாலம்மாள்... ஞானம்மாள்... 'அன்பளிப்பு பாலகுரு' யாருதுப்பா?" சனங்களும் கோபத்துக்கு நடுவே சிரித்தார்கள்.

வெயில் ஏறியது. ஷெட் நிரம்பியது. மேஜைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தரையெல்லாம் தூக்கு, கேரியர், துணியில் கட்டிய குண்டான். கருவாட்டுக் குழம்பு வாசனையில் ஈ மொய்த்தது. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே இரண்டு பேர் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"இடமில்ல. இனிமே சாப்பாட்ட இதுல கொட்டிட்டுக் காலிப் பாத்திரத்த அவங்ககிட்டயே குடுத்துடு."

அக்காவுக்குப் புரியவில்லை. "எதுல சார்?"

"இந்த டிரம்லதான். பன்னிப் பண்ணைக்குப் பேசிட்டேன், சாயங்காலம் எடுத்துக்கிடுவாங்க."

மேஜைக்கு முன்னால் அப்போது நின்றது கோவளத்திலிருந்து வந்த துலுக்காணம். மீன் விற்கிறவர். மனைவி, மூன்று பிள்ளைகள், மனைவியின் தங்கை. கையில் பெரிய அலுமினியக் குண்டான். டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

"இன்னாது, கொட்டுவியா?" என்றார் துலுக்காணம். "யம்மா, எம் பொஞ்சாதி நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்கின சோறு இது. வஞ்சிரம் வறுத்துக் கீறா. நீ கொட்டுவியா?"

"நான் எங்கண்ணா கொட்டறேன்னு சொன்னேன்?"

"கொட்டு கங்கம்மா," என்றார் மேனேஜர். "வரிசை நிக்குது. சட்டம் சட்டந்தான்."

"சார், சோறு சார்."

"தெரியுது."

"தெரிஞ்சுமா சொல்றீங்க?"

"ஒன்னாந் தேதிய நெனச்சுக்கோ."

நான் இதை அப்போது பார்க்கவில்லை. அவளும் துலுக்காணமும் பிறகு சொன்னதுதான். அக்கா குண்டானை வாங்கினாளாம். டிரம் வரைக்கும் போனாளாம். உள்ளே, உருட்டி வந்தவர்கள் அதற்குள் யாரிடமோ பிடுங்கிக் கொட்டிய எலுமிச்சஞ்சோறு மஞ்சளாகக் கிடந்ததாம். அதைப் பார்த்தபடி நின்றாளாம். அப்புறம் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி, வாசல் கம்பியைத் தாண்டி வெளியே நடந்தாள்.

"ஏ, எங்க போற?"

"சட்டம் உள்ளதான சார்? வெளிய இல்லியே."

வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில், முதலாளி ஆசையாக வளர்த்த புல்தரை ஒன்று இருந்தது. நடுவில் செயற்கை நீரூற்று. அங்கே போய் அக்கா உட்கார்ந்தாள். துலுக்காணத்தின் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "வாங்கடா. இங்க துன்னுட்டு அப்பால உள்ள போங்க. ஷெட்ல கீறதெல்லாம் எடுத்தாங்க! முத்தாலம்மாள் கேரியர் யாரு? வாங்கிக்கோங்க!"

ஒரு குடும்பம் உட்கார்ந்தது. இன்னொன்று உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல்தரை நிறைந்து, வண்டி நிறுத்துகிற இடம் நிறைந்து, டிக்கெட் வரிசைக் கம்பிகளுக்கு நடுவிலும் சனம் சம்மணம் போட்டது. கவுன்டருக்கு வழி இல்லை. உள்ளே இருந்தவர்களும் செய்தி கேட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். வெளியே போனால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று காவல்காரர் கத்தினார். "உன் டிக்கெட்ட நீயே துன்னுய்யா!" என்று ஒரு கிழவர் அவரை ஒதுக்கிவிட்டு நடந்தார்.

மேனேஜர் என் மேடைக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"தசரதன், கப்பலை ஓட்டு. ஃபுல் உயரம். பாட்டப் போடச் சொல்லு. மேல தெரிஞ்சாத்தான் எந்திரிச்சு உள்ள வருவாங்க."

கூட்டத்தைக் கிளப்பக் காலிக் கப்பல். தினமும் செய்வதுதான். மிதித்தேன். டயர் எழும்பியது, கப்பல் அசைந்தது. இன்னொரு மிதி. கப்பல் தன் காலி நாற்காலிகளோடு மேலே போயிற்று. என் மேடை உயரமானது, அங்கிருந்து வாசல் தெரியும். புல்தரையில் அக்கா எழுந்து நிற்பது தெரிந்தது. கையில் யாருடைய கரண்டியோ. யாருடைய பிள்ளைகளுக்கோ பரிமாறிக்கொண்டிருந்தாள். சிலர் கப்பலைப் பார்க்கத் தலையைத் தூக்கினார்கள். ஒரு பையன் எழுந்தே விட்டான், அவன் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அக்காவும் பார்த்தாள். அந்தக் கப்பலை யார் ஆட்டுவது என்று அவளுக்குத் தெரியும்.

பற்றி எரிந்தது எனக்கு. மேனேஜர் மேலா, என் கால் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

கப்பல் உடனே நிற்காது. மூக்கு முதலில் மதிலுக்கு மேலே வந்தது. அடுத்த ஆட்டத்தில் கொடி மட்டும். அதற்கடுத்து ஒன்றும் இல்லை.

"ஏன்யா நிறுத்தின?"

"நிறுத்தல சார். தள்ளல."

"உங்கக்கா பிழைப்புல மண்ணப் போட்டுட்ட நீ!"

"பன்னிக்கு சோறு போடறதுக்கு ஆள் வெச்சிக்கோங்க சார். எங்கக்காவ வுட்டுடுங்க."

ஒன்றாம் தேதி கையெழுத்து விழவில்லை. அக்காவைக் காணும் பொங்கல் மாலையே வரவேண்டாம் என்றார்கள், என்னை மறுநாள். ஊரில் பேச்சு பரவிவிட்டதால் மேனேஜரையும் முதலாளி அனுப்பிவிட்டதாகக் கேள்வி. அதில் எங்களுக்கு என்ன ஆயிற்று? மாமாவின் காலில் இரண்டு விரல்களைப் பங்குனியில் எடுத்தார்கள். நான் இரும்புலியூரில் லாரிகளுக்கு டயர் மாட்டும் கடையில் சேர்ந்தேன். அக்கா பெருங்களத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை போட்டாள்.

கோடை விடுமுறை தொடங்கும்போது அக்காவும் நானும் மருந்து வாங்கத் தாம்பரம் போனோம். ரயில்வே மேம்பாலப் படிக்கட்டில், ஆள் உயரத்துக்கு ஒரு புது போஸ்டர். நீலக்கடலுடையது. 'உங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு வாருங்கள்! உறவுகள் கூடும் ஒரே பூங்கா!' ஒரு குடும்பம் புல்தரையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் பளபளவென்று ஐந்தடுக்கு கேரியர். மூலையில் பொடி எழுத்தில் புதுக் கட்டணம். காணும் பொங்கலன்று எங்கள் பார்க்கில் வாங்கினதைவிட அதிகம். பக்கத்துச் சுவரில் குபேரா லேண்டின் போஸ்டர். அதே கேரியர், அதே சிரிப்பு. கட்டணம் மட்டும் நீலக்கடலைவிட ஐந்து ரூபாய் கூட.

அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் நகரவில்லை. போஸ்டருக்குள் மூக்கை விடுகிற மாதிரி நெருங்கி, அந்தக் கேரியரை மேலிருந்து கீழ்வரை தேடினாள்.

"இன்னாக்கா பாக்கற?"

"பேரே வெட்டல," என்றாள். நகத்தை வைத்துக் கேரியரின் மேல் விளிம்பைச் சுரண்டி, ஒரே இழுப்பில் தாளை அடிவரைக்கும் கிழித்தாள். "எவன் வூட்டு கேரியர்டா இது?"