இரண்டு நெருப்பு

மைக் கைக்கு வந்ததும் மர்ளியாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தால் அல்ல, சந்தோசத்தால். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு ஊரே மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் வந்து அடைந்திருந்தது. கதிரை கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். உல்லாசப் பயணிகளுக்காகக் கடற்கரையில் நெருப்பு மூட்டுவதைத் தடைசெய்வதா இல்லையா என்று இன்றைக்குக் கை தூக்கி முடிவெடுக்கப் போகிறார்கள். தடை கேட்டு இருநூற்றுப் பத்துக் கையெழுத்து. அத்தனையும் மர்ளியா வேகாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கியது.

"என்ட மாப்பிள்ளட கையப் பாருங்க" என்றாள். முன்வரிசையில் இடது கையில் மாக்கட்டுடன் அவள் கணவர் ஜபார் குனிந்துகொண்டார். "ஆட்டம் பாட்டத்துக்கு மூட்டின நெருப்பப் பாத்து ஏமாந்துதான் படகக் கல்லுல ஏத்தினார். நாளைக்கு உங்கட வீட்டு ஆளுக்கும் இதுதான்."

கட்டடம் கைதட்டலில் அதிர்ந்தது. பத்து வருசமாகப் புகையும் அடுப்போடு மட்டும் பேசிய வாய், இப்படியும் பேசுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஊரில் படகு பிந்தினால் வீட்டுப் பெண்கள் கரையில் தேங்காய்ப் பொச்சு மட்டை குவித்து எரிப்பார்கள். கையில் எந்தப் புதுக் கருவி இருந்தாலும், கடலுக்குள் மறைந்து கிடக்கும் பாருக்கல்லுக்கு நடுவே கடைசி நூறு மீற்றர் தூரத்துக்கு அந்த நெருப்பைத்தான் நம்புவார்கள். வீட்டுக்கு வீடு அடையாளம் வேறு. மர்ளியா வீட்டுக்கு இரண்டு நெருப்பு. இரண்டுக்கும் நடுவால் ஜபார் கண்ணை மூடிக்கொண்டே படகை விடுவார்.

அடுத்து ஜூலியானா எழுந்தாள். சிலாபத்திலிருந்து வந்து, மர்ளியாவின் வேலிக்கு அப்பால் பயணிகள் தங்க மூன்று கபானா கட்டி நடத்துகிறவள். "அந்த நெருப்புக்குத்தான் வெள்ளக்காரங்க என்ட இடத்துக்கு வாறாங்க. அது இல்லாட்டி நான் மூட்ட கட்ட வேண்டியதுதான். ஒண்டு கேக்கிறன். நான் மூட்டினது ஒரு நெருப்பு. மர்ளியாட அடையாளம் ரெண்டு. ஒண்டப் பாத்து எப்பிடி ரெண்டெண்டு நெனச்சார்?"

தலைவர் சாஹுல் ஹமீது ஹாஜியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஜபாரைப் பார்த்தார். ஜபார் பேச்சுக்கு முன்னால் நிற்கிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து, "நெருப்பப் பாத்து ஏமாந்துட்டன்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது மெல்ல எழுந்தார்.

"ஒண்டில்ல. ரெண்டு எரிஞ்சது. எப்பயும் போல நடுவால விட்டன்."

"பாத்தீங்களா! அண்டைக்கு மழையில மர்ளியாட பொச்சு பத்தியிருக்காது. ரெண்டும் ஜூலியானா மூட்டினதுதான்!" என்று ஜன்னலில் தொங்கிய நுஸ்கி கத்தினான். கட்டடம் கொந்தளித்தது. "மாதா மேல ஆணையா ஒண்டுதான்!" என்று ஜூலியானா தொண்டை கிழியக் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மர்ளியாவுக்கு மட்டும் விசயம் விளங்கிவிட்டது. படகு கல்லில் ஏறிய அன்றிரவு அவள் மூட்டிய முதல் குவியல் பற்றிக்கொண்டது. இரண்டாவது குவியலின் பொச்சு மழையில் நனைந்திருந்தது. மூன்று தரம் ஊதிப் பார்த்தாள். அப்போதுதான் வேலிக்கு அப்பால் மேளம் கேட்டது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படி ஓர் ஆட்டம் ஆடினாள்! மர்ளியா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். இரண்டாவது நெருப்பை மறந்தே போனாள்.

கடலிலிருந்து பார்த்தவருக்கு இரண்டு எரிந்திருக்கிறது. ஒன்று இவளுடையது. மற்றது ஜூலியானாவுடையது. நடுவில் கல்.

"தடைக்கு விருப்பமான ஆக்கள் கையத் தூக்குங்க" என்றார் ஹாஜியார்.

சடசடவென்று கைகள் எழுந்தன. முதலில் எழுந்தது மர்ளியாவின் கைதான், பழக்கத்தில். சுற்றிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டாள்! இனி இந்த ஊரில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஜூலியானா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மர்ளியா கையை இறக்கி மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

"ஹாஜியார், எண்ணாதீங்க. ஜூலியானா பொய் சொல்லல்ல. அண்டைக்கு நான் ஒண்டுதான் பத்த வெச்சன்."

வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் அதைக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோனது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கி இறங்கின. ஜபார் மட்டும் இறக்கவில்லை. ஒரு கை மாக்கட்டில், மறு கை அந்தரத்தில், பெண்சாதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.