பிள்ளையார் சுழியும் இரண்டு சைபரும்

மகிழினிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ராயபுரத்து கம்ப்யூட்டர் ஆபீஸில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டுக்கு அவள் எழுதிய கேட் புரோகிராம், ஒரு நாளைக்கு நானூறு லாரியை உள்ளே விட வேண்டியது. நேற்று நாலே நாலு லாரியை விட்டுவிட்டு மூடிக்கொண்டது. விம்கோ நகர் வரைக்கும் வரிசை. டிரைவர்கள் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா!

“நானூறுல ரெண்டு சைபர எங்கம்மா முழுங்கின? சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. மெஷின் மேல பழி போடாத. இல்லேன்னா திங்கக்கிழமை வராத” என்று முதலாளி சுப்புராயன் சொல்லிவிட்டார்.

ஆனால் மெஷின்தான் முழுங்கியது. புதிதாகப் போட்ட எடிட்டரில் டெம்ப்ளேட் என்று ஒரு வசதி. இரண்டெழுத்து அடித்து டேப் தட்டினால், முன்பே எழுதிவைத்த இருபது வரி தானாக வந்து விழும். கடைசி வரியின் கடைசியில் இருப்பது 400. அது 4 என்று விழுந்தது. காலையிலேயே எடிட்டர்காரர்களுக்கு மெயில் போட்டாள். ‘எங்களிடம் வரவில்லை. யார் செய்தாலும் வருகிற மாதிரி படிப்படியாக எழுதுங்கள்’ என்று பதில். வரவில்லையாம்! இங்கே ஒருத்திக்கு வேலையே போகப்போகிறது.

“இன்னா மகி, மூஞ்சி பேஜாராகீது?” என்றான் பக்கத்து சீட் ஃபவாஸ்.

“உன் மெஷின குடு.”

அவன் மெஷினில் பத்துத் தடவை தட்டினாள். பத்துத் தடவையும் 400. தன்னுடையதில் பத்துத் தடவையும் 4. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டாள். ஒரே வித்தியாசம், முதல் வரி. டெம்ப்ளேட்டை எழுதிக் கொடுத்தவர் சுப்புராயன். உச்சியில் ‘உ’ என்று பிள்ளையார் சுழி போட்டிருந்தார். ஃபவாஸ் அதை எடுத்துவிட்டு 786 என்று வைத்துக்கொண்டிருந்தான். எம்.கே.பி. நகரில் அவள் வீட்டில் இருப்பது புத்தர் படம். சுழி யாரும் போடுவதில்லை. இருந்தும் அவள் எடுக்கவில்லை.

சுழியை எடுத்தாள், 400. போட்டாள், 4.

மெஷினுக்கு 786-ல் ஒவ்வொரு எண்ணையும் வைக்க ஓரிடம் போதும். ஒரு தமிழ் எழுத்தை வைக்க மூன்று இடம் வேண்டும். எடிட்டர் அதை ஒன்று என்று எண்ணியது. குறைந்த இரண்டு இடத்துக்கு வாலில் வெட்டியது. அவ்வளவுதான் விஷயம். அதை முதலாளியிடம் யார் சொல்வது?

சொன்னாள். சுப்புராயனுக்கு மூக்குக்கு மேல் கோபம். “புள்ளையார் மேலயா பழி போடுற?”

“அவர் மேல தப்பில்ல சார். எந்தத் தமிழ் எழுத்தா இருந்தாலும் திங்குது. நீங்களே செஞ்சு பாருங்க. நான் படிக்கிறேன்.” எடிட்டர்காரர்களுக்கு அனுப்ப எழுதிவைத்திருந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாள். “முதல் படி. ‘உ’ வெச்சு டேப் தட்டுங்க.”

தட்டினார். 4.

“ரெண்டாவது படி. அத எடுத்துட்டு ‘ஜெய்பீம்’னு அடிங்க.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. ஃபவாஸ் டீ கிளாஸை உதட்டருகே வைத்தபடி குடிக்காமல் இருந்தான். சுப்புராயன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். டேப் தட்டினார். கடைசி வரி மொத்தமும் காணோம்.

“அடப்பாவி, முழுசா முழுங்கிடுச்சே!” என்றார். அப்புறம் மெதுவாக, “உங்க வூட்ல போடாத சுழிய எதுக்கும்மா எடுக்காம வெச்சிருந்த?” என்றார்.

“எடுத்தா திங்கக்கிழமை வராதன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் சார்.”

சுப்புராயன் நாற்காலியை விட்டு எழுந்தார். “ரிப்போர்ட்ட அனுப்பு” என்றார். “ரெண்டாவது படிய எடுக்காத. அப்டியே இருக்கட்டும்.”