கல் திருடன்

பெட்டியின் ஓரத்தை மூத்தவள் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வார்னிஷ் உரிந்து உள்ளே வெளுப்பாகத் தெரிந்தது.

"இதைத்தான் தேக்குன்னு சொன்னீங்களா?"

பெட்டி கொண்டுவந்தவர் தலையைச் சொறிந்தார். "தேக்கு மாதிரிம்மா."

"மாதிரின்னு போன்ல சொல்லலையே."

தம்பி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, அப்பா உள்ள கிடக்கறார். இப்ப போய் மரத்தைப் பத்தி..."

"அவர் உயிரோட இருந்திருந்தா இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார்."

அது பொய்யில்லை. அப்பா முப்பத்தைந்து வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பதே வேலை. ஓய்வு பெற்ற பிறகு வேறு கடை கிடைக்காமல், வீட்டுக்கு வரும் வெங்காயத்தை மறுபடி நிறுத்தார். மூத்தவள் ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்ப்பவள். சட்டை மடிப்பதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் கண் அவளுடையது. அங்கே எல்லோரும் அவளை லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தேகம் அப்பாவிடமிருந்து அவளுக்கு அப்படியே வந்துவிட்டது. தம்பிக்குத் துளியும் வரவில்லை. யார் என்ன சொன்னாலும் நம்புவான். அப்பா சொன்னால் இன்னும் கொஞ்சம் கூட நம்புவான்.

நேற்று வியாழக்கிழமை காலை, "கண் டாக்டர்கிட்ட போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கிளம்பினார். பதினோரு மணிக்கு போன் வந்தது, மியூசியத்திலிருந்து. ஐயா மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம் என்றார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. படுக்கையில் கிடக்காமல் போனாரே, நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மூத்தவளுக்கு அழுகை வந்தது. அதோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்தது. கண் டாக்டரிடம் போனவருக்கு மியூசியத்தில் என்ன வேலை? காலையில் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டாள். அவர் வந்தே ஒரு வருஷம் ஆகிறது என்றார்கள். வியாழக்கிழமை தவறாமல் போன மனுஷன்!

எதிர்ச்சாரியில் மூடிக்கிடந்த டயர் கடை வாசலில் சித்தப்பா காலை ஒன்பது மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவரும் தெருவைத் தாண்டவில்லை.

அது முப்பத்திரண்டு வருஷக் கதை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அப்பாவின் கடப்பாரை ஒரு கல்லில் போய் இடித்தது. எடுத்துக் கழுவினால் ஒரு ஆணின் தலை, கடப்பாரை பட்டு இடது காது உடைந்திருந்தது. யாரையோ கேலி செய்கிற மாதிரி பாதிச் சிரிப்பு. பத்து நாள் அது ஒரு சாக்கில் சுற்றிக் கிடந்தது. ஒரு வியாபாரி வந்து பார்த்து நல்ல விலை சொன்னார். அப்பாவுக்கு விற்கத்தான் ஆசை, சித்தப்பாவுக்கு மனசில்லை. பதிமூன்றாம் தேதி ராத்திரி தலையைக் காணோம். மறுநாள் சாயங்காலம் சித்தப்பா வந்து, "மியூசியத்துல குடுத்துட்டேண்ணே" என்றார். ரசீதைக் காட்டு என்றார் அப்பா. வாங்கத் தோன்றவில்லை என்றார் சித்தப்பா. ரசீது வாங்காமல் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு வருகிற மனிதன் உலகத்தில் உண்டு என்று ஒரு இன்ஸ்பெக்டர் எப்படி நம்புவார்? மியூசியத்துக்கே போய் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக எட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் போனார். அடுத்த வருஷமும் போனார். தலை இல்லை. "எங்ககிட்ட இருக்கறதெல்லாம் இதுதான் சார்" என்று டிக்கெட் கிழிப்பவர் சொல்லியும்விட்டார்.

அன்றோடு தீர்ப்பு எழுதியாயிற்று. அந்த வியாபாரிக்கே விற்று ஏப்பம் விட்டுவிட்டான் என்று. இந்த வீட்டில் சித்தப்பாவுக்குப் பேர் 'கல் திருடன்'. அம்மா செத்த அன்று வந்தவரை அப்பா வாசலோடு திருப்பி அனுப்பினார். "நான் செத்தாலும் அவன் கை என்மேல படக்கூடாது" என்று பிள்ளைகள் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தபோது நாலாகக் கிழித்துப் போட்டார். கூட்டி அள்ளியது மூத்தவள்தான்.

மதியம் ஒரு மணிக்கு நீலச் சீருடைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் அப்பாவின் கைத்தடியும் மூக்குக் கண்ணாடியும். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்பின் தெரியாதவள் அழுகிற அழுகையாக அது இல்லை.

மூத்தவள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீங்க யாரு?"

"மியூசியத்துல காவல் வேலைம்மா. ஐயா என் ஹால்லதான் விழுந்தார். இதெல்லாம் பெஞ்சுக்கு அடில கிடந்தது."

"அவரை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன? வாராவாரம் வியாழக்கிழமை வருவாரே."

எழுபத்து நாலு வயதில் அப்பா, என்று ஆரம்பித்த யோசனையை அவளால் முடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நீலச்சட்டைக்காரியை உச்சியிலிருந்து செருப்புவரை ஒரு தடவை பார்த்தாள். தையல் பிரிந்த இடம் எதுவும் கண்ணில் படவில்லை.

"நான் அந்த ஹாலை இப்பவே பாக்கணும்."

"இப்பவா? எடுக்கறது நாலு மணின்னு சொன்னாங்களே?"

"மூணுக்குள்ள வந்துடலாம்."

தம்பி வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

மியூசியத்தில் டிக்கெட் வேண்டாம் என்று நீலச்சட்டைக்காரி சொல்லியும் மூத்தவள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். இன்னும் என்ன ஏது என்று தெரியாத இடத்தில் யாருக்கும் கடன்படக் கூடாது. கீழ்த்தளத்தில் உடைந்த பானைகளைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார்கள். துருப்பிடித்த ஈட்டி முனைகள். தரை துடைத்த மருந்து நாற்றம். மாடியில் புது ஹாலில் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. ஒரு பெஞ்சு. அதற்கு எதிரே கண்ணாடிக்குள், மார்பு உயரத்தில், அந்தத் தலை.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பாதிச் சிரிப்பு அவளுக்கு அடையாளம் தெரிந்தது. உடைந்த காதும் தெரிந்தது. கீழே அட்டையில் எழுதியிருந்தார்கள்: ஆண் தலை. கல். வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. இடது காதில் உள்ள உடைவு அண்மைக் காலத்தது. நன்கொடை அளித்தோர் என்று போட்டு இரண்டு பேர்கள். முதலில் அப்பாவுடையது, பிறகு சித்தப்பாவுடையது.

அவள் முழுதாக இரண்டு தடவை படித்தாள். அப்போதும் புத்தி சும்மா இருக்கவில்லை. "எப்ப குடுத்தாங்கன்னு இதுல போடலையே?"

நீலச்சட்டைக்காரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "ஐயாவும் இதையேதான் கேட்டார்."

"எப்ப கேட்டார்?"

"போன வருஷம், இந்த ஹால் திறந்த புதுசுல. பேப்பர்ல படம் பாத்துட்டு வந்தாராம். அதுவரைக்கும் இது கிடங்குலதான் கிடந்ததாம். கிடங்குல இது மாதிரி ஆயிரம் கிடக்கும்மா, வெளில வைக்க இடம் ஏது? ஐயா ஆபீசர் ரூமுக்குப் போய் ஒரே சத்தம். கடைசில பழைய பதிவேட்டையே எடுத்துக் காட்டினாங்க. பதினாலாம் தேதி காலைலன்னு இருந்தது. மை கலைஞ்சிருக்கான்னு பாருங்க, அது நாலுதானான்னு பாருங்கன்னு மூணு தடவை கேட்டார். அப்புறம் வந்து இந்த பெஞ்சுல உக்காந்தவர், பூட்டற வரைக்கும் எழுந்திரிக்கல."

மூத்தவளுக்கு அப்பாமேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. செத்து ஒரு நாள்தான் ஆகிறது, ஆத்திரப்படக் கூடாது என்று தெரிந்தும் வந்தது. தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்தப் பத்திரிகையை நாலாகக் கிழித்திருக்கிறார். தெரிந்துகொண்டே போன வாரம்கூடச் சாப்பாட்டின்போது "அந்தக் கல் திருடன்" என்றார், தம்பியும் தலையை ஆட்டினான், அவளும்தான் ஆட்டினாள். இத்தனை வயதுக்கு மேல் தராசு தப்பு என்று ஒத்துக்கொள்ள முடியாத மனுஷன் இங்கே வாராவாரம் வந்து என்னதான் செய்தார்?

கேட்டும்விட்டாள்.

"சும்மா உக்காந்திருப்பார். ஒண்ணே ஒண்ணு மட்டும் வாராவாரம் கேப்பார். இதைக் குடுத்தவங்க யாராவது பாக்க வர்றாங்களா, வந்தா எந்தக் கிழமை, எத்தனை மணிக்குன்னு. அந்த ரெண்டு பேர்ல ஒண்ணு அவரோடதுன்னு நேத்து ஆஸ்பத்திரில எழுதிக்கறப்பதான் எனக்கே தெரியும்."

"யாராவது வந்தாங்களா?"

"நான் பாத்தவரைக்கும் இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு லீவும்மா."

மூத்தவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் தலை சரியாகக் கண்ணுக்கு நேரே இருந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். நீலச்சட்டைக்காரி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மூத்தவள் வீட்டுக்குத் திரும்பியபோது பெட்டியை மூடியிருந்தார்கள். வண்டி தெருமுனையில் நின்றது. அதுவரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே டயர் கடைக்குப் போனாள்.

"சித்தப்பா."

அவர் ஷட்டரோடு ஒட்டி நின்றார். "நான் உள்ள வர்றதா இல்லம்மா. வண்டில ஏத்தறதைப் பாத்துட்டு இப்படியே போயிடறேன்."

"பெட்டி தூக்க ஆள் குறையுது. வாங்க."

அவர் நம்பவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். அவரும் இந்தக் குடும்பத்து ஆள்தானே. அவள் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டிக் கூட்டிவந்தாள்.

வாசலில் தம்பி வழியை மறித்து நின்றான். "அக்கா, அப்பா சொன்னது மறந்துடுச்சா?"

"ஆள் பத்தலைடா."

"ஆறு பேர் இருக்கோம்."

"அஞ்சு."

"நல்லா பாரு. நான், மச்சான், மேல்வீட்டு ரெண்டு பேர்..."

"நான் எண்ணியாச்சு. அஞ்சு."

அவள் எண்ணியதை அந்த வீட்டில் யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை. தம்பி அக்காவைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான். என்னவென்று புரியாமலேயே, வழக்கம்போல நம்பினான். பக்கத்து வீட்டுக்காரர், "எனக்கும் காலைலேர்ந்து முதுகு ஒரு மாதிரியா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பெட்டியை விட்டு நகர்ந்தார்.

சித்தப்பா தலைமாட்டுப் பக்கம் போய் நின்றார். கைப்பிடியைத் தொடவில்லை.

"அண்ணன் எங்கம்மா விழுந்தார்? ஆஸ்பத்திரிலயா?"

"இல்ல. மியூசியத்துல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார் என்று நினைத்தாள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"புது ஹால்லயா? அந்த பெஞ்சுகிட்டயா?"

"ஆமா, சித்தப்பா."

"மெல்ல, சேர்ந்து தூக்குங்க" என்றார் பெட்டிக்காரர். ஆறு பேரும் குனிந்து எடுத்துத் தோளில் ஏற்றினார்கள். சித்தப்பா மற்றவர்களைவிட அரையடி குள்ளம். தலைமாட்டில் அவர் பிடித்த மூலை தாழ்ந்து, உள்ளே ஏதோ அசைந்து அந்தப் பக்கம் போன சத்தம் கேட்டது. எதிர் மூலையில் இருந்த தம்பி முழங்காலை மடித்துச் சமன் செய்யப் பார்த்தான்.

"இருக்கட்டும் விடுடா" என்றாள் மூத்தவள்.

பெட்டி சித்தப்பா பக்கமாகவே சாய்ந்தபடி தெருவில் இறங்கியது.