அத்திமரம் வரை வந்தவன்

நுமேரியுஸ் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த ஏழாவது வருஷத்தில் திபூர் நகரத்துக்குப் போகும் சாலைக்குக் கல் பாவ ஆட்கள் வந்தார்கள். ஒருத்தன் அத்திமரத்தடியில் நடந்துகொண்டே இருப்பதையும் மரத்தைத் தாண்டாமலே இருப்பதையும் பார்த்தார்கள். "கொஞ்சம் ஒதுங்குப்பா, வேலை கெடுது" என்றான் மேஸ்திரி. அவன் ஒதுங்கினான். கல்லைப் பதித்துவிட்டு அவர்கள் முன்னால் நகர்ந்தார்கள், அவன் மறுபடி நடந்தான். பிறகு ஒருமுறை வந்து, அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துபோயிருந்த கற்களை மாற்றிப் போட்டார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

அத்திமரத்திலிருந்து பார்த்தால் அவன் வீடு தெரியும். அவன் அம்மா ஒப்பியா உதறிக் காயப்போடும் துணி தெரியும், கூழ் கொதிக்கும் புகை தெரியும். மற்ற எந்தத் திசையிலும் அவன் நன்றாகவே நடந்தான். பகலில் ஓடைக்கு அந்தப் பக்கமுள்ள கல்குவாரிக்குப் போய் உளி பிடித்தான், கூலி வாங்கினான், பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் போல வீட்டைப் பார்த்துக் கிளம்பினான். மரத்தடிக்கு வந்ததும் கால் மட்டும் நடக்கும், தூரம் குறையாது.

இது எப்படி வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்புகிறவனுக்கு வாசற்படியில் இரண்டு தேன் அடை வைக்க வேண்டும். போகவைக்கிற தேவி அபேயோனா, அவளுக்கு ஒன்று. திரும்பி வரவைக்கிற தேவி அதேயோனா, அவளுக்கு ஒன்று. சந்தைக்குப் போகிறவனுக்குக்கூட இரண்டு துணுக்காவது கிள்ளி வைப்பார்கள். நுமேரியுஸ் லூனா மலைக்குச் சலவைக்கல் வெட்டப் போகிறேன் என்று நின்றது, ஒலிவப்பழம் பறிக்கிற சமயம். அவன் அப்பா உள்ளூர்க் குவாரியில் கல்தூசியைக் குடித்து, இருமி இருமிச் செத்தவர். "அவரு மாதிரி இங்கயே கெடந்து சாகச் சொல்றியா?" என்று அவன் கேட்டான். "அங்க மட்டும் தூசி இனிக்குமா? போறதுன்னா போ, எனக்கென்ன" என்றாள் ஒப்பியா. முதல் அடையை வைத்தாள். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அதை வாயில் போட்டு மென்றுவிட்டாள். மறக்கவில்லை. கோபத்தில் தின்றாள்.

அடுத்த வருஷம் அவன் அத்திமரத்தடியில் தெரிந்தபோது அவள் கொண்டைக்கடலையை அடுப்பில் ஏற்றினாள். கடலை வெந்து, குழைந்து, அடிப்பிடித்துக் கருகும் வரை அவன் வரவில்லை. போய்ப் பார்த்தாள். வேர்த்து விறுவிறுத்து நடந்துகொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வண்டிக்காரன் பாபியுஸ், "என் கோவேறு கழுதைங்க கொண்டுவராத சரக்கு கெடையாது அக்கா" என்று அவனை வண்டியில் ஏற்றிப் பார்த்தான். வண்டி வீட்டுக்கு வந்தது, அவன் மூட்டை வந்தது, அவன் மரத்தடியில் இருந்தான். "டேய், பாதியில குதிச்சிட்டியா?" என்று பாபியுஸ் அங்கிருந்தே கத்தினான். "நான் உக்காந்த இடத்துலதான்யா இருக்கேன்" என்று பதில் வந்தது.

ஒப்பியா அன்றே தேன் அடை சுட்டு இரண்டாவது தேவிக்கு வைத்தாள். அன்று மட்டுமல்ல, தினமும் வைத்தாள். தெரு நாய்கள் கொழுத்தன. திபூர்க் கோயில் பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதில் குழப்பமே இல்லை என்றார். சடங்கு பிசகினால் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதே ஆள், அதே வாசற்படி, அதே புறப்பாடு. "வாசப்படிக்கு அவன் வரணுமே சாமி, அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்" என்றாள் ஒப்பியா. சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றார் பூசாரி. அவளும் பாபியுஸும் வாசற்கல்லைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். கல் அங்கே இறங்கியபோது நுமேரியுஸ் மரத்திலிருந்து அதே தூரம் பின்னால் தள்ளி, எண்ணெய்ச் செக்குக்கும் அந்தப் பக்கம் நின்றிருந்தான். கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். அவனும் மரத்தடிக்கு வந்தான். பிறகு அவளே ஒரு சட்டி நெருப்போடு மரத்தடியில் குடியேறினாள். இரண்டு வாரத்தில் அந்த இடம் அவளுக்கு வீடு மாதிரிப் பழகிப்போனது, அவன் மறுபடி செக்குக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அப்படியே வருஷங்கள் போயின. மேட்டுத்தெருவில் ஒரு பெண் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனால் மணப்பெண்ணைத் தூக்கிப் புருஷன் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். எந்த வாசலைத் தாண்டுவது என்று அவள் அப்பா கேட்டார். அவள் வேறு ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் பிள்ளைகள் நுமேரியுஸுக்கு எதிரே நடந்து, அவனைப் போலவே நின்ற இடத்தில் கால் வீசிக் காட்டி விளையாடின. அவனும் சிரிப்பான். ஒப்பியா சாயங்காலம் கூழ்ச்சட்டியோடு போவாள், அவன் உட்கார்ந்து குடிப்பான், அவள் சட்டியோடு திரும்புவாள். தின்ற அடையைப் பற்றி அவன் ஒரே ஒரு தடவை கேட்டான். "நல்லா இருந்துச்சாம்மா?" "தொண்டையில சிக்கிச்சு" என்றாள்.

பிறகு அவனுக்கு அப்பாவின் இருமல் வந்தது. தூசி எந்த மலையில் ஏறியதோ, நெஞ்சில் இறங்கிவிட்டது. குவாரிக்குப் போவது நின்றது. மழையில் அத்திமரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருமினான், அந்தச் சத்தம் ஒப்பியாவின் அடுப்படி வரை கேட்டது. புருஷன் இருமியபோது கூரைக்கடியில் படுக்கவைத்து நெஞ்சுக்குச் சூடு கொடுத்திருந்தாள். பிள்ளைக்கு அதுவும் இல்லை. மூன்றாவது நாள் மழையில் அவள் எழுந்து அடுப்புத் தீயில் தண்ணீரை ஊற்றினாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுச் சாமி குடியிருக்கிற அடுப்புத் தீயை யாரும் அணைப்பதில்லை. பாபியுஸ் ஓடிவந்தான். "அக்கா, புத்தி கெட்டுப்போச்சா? வீட்டுச் சாமிங்க எங்க போகும்?"

"உன் மாடத்துல வச்சுக்க. எனக்கு வீடு இல்ல."

"நிக்கிறது என்னவாம்?"

"ஏணியைக் கொண்டா, சொல்றேன்."

இரண்டு பேரும் ஓடுகளைப் பிரித்தார்கள். ஓடுகளைப் பாபியுஸ் தன் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டான். கதவைக் கழற்றினார்கள், சுவரைச் சாய்த்தார்கள், கடைசியில் வாசற்கல்லைப் புரட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். கல் விழுந்தபோது நுமேரியுஸ் அத்திமரத்தைத் தாண்டி வைத்த காலடி நிஜமாகவே தாண்டியது. இருமிக்கொண்டே வந்து சேர்ந்தான். சரிந்த செங்கல்லைப் பார்த்தான்.

"என்னம்மா இது, ஒதுங்க ஒரு கூரைகூட வைக்கலையே?"

"வச்சிருந்தா வந்திருப்பியாடா?" என்று அவன் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

அதன் பிறகு அவர்கள் அடுத்தவர் இடங்களில் கிடந்தார்கள். பாபியுஸின் கொட்டகை, சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு, ஆட்டுக்காரன் குடிசை. எங்கேயும் ஒப்பியா அடுப்பு மூட்டவில்லை. அடுத்தவர் நெருப்பில் தண்ணீர் காய்ச்சி அவன் நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுத்தாள். சூளைச் சாய்ப்பில் ஒரு நாள், தன்னை அறியாமல், மூலையைக் கூட்டிவிட்டுச் சட்டிகளை வரிசையாக அடுக்கினாள். மறுநாள் காலையில் நுமேரியுஸ் வெளியே சாலையில் நின்று இருமிக்கொண்டிருந்தான். அவள் சட்டிகளைக் கலைத்துப்போட்டாள், அவன் உள்ளே வந்தான். அதிலிருந்து ஒரு இடம் பிடித்துப்போகிற மாதிரி இருந்தால் அவளே மூட்டையைக் கட்டினாள். சிலது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவன் ஆட்டுக்காரன் குடிசையில் இறந்தான். கடைசி மூச்சை வழக்கப்படி அவள் தன் வாயால் வாங்கினாள். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் குழி வெட்டினார்கள். எல்லாக் கல்லறையிலும் பொறிப்பதுபோல, 'இது என்றைக்கும் இவன் வீடு' என்று பொறிக்கக் கல்தச்சன் கோடு போட்டிருந்தான். ஒப்பியாவுக்கு எழுத்து தெரியாது. என்ன போடப்போகிறாய் என்று கேட்டாள். சொன்னான்.

"அது வேணாம்பா. போட்டா அவனால உள்ள போக முடியாது."

கல்தச்சன் அந்த ஊர்க்காரன்தான். சரி என்று தலையாட்டி, பேரை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சக் கல்லை வெறுமனே விட்டான்.