மேலுமலை ஏற்றமும் டைம் ஆபீஸ் கடிகாரமும்

1

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, ஒருத்தியிடம் திட்டு வாங்கியதில் பிறந்தது. போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஜெய்னப் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்ணா, எதெதுக்கோ கதை எழுதுறீங்களாமே. எங்க வூட்டுக்காரரு ரேஸ் ஓட்டுன கதைய மட்டும் ஏன் எழுத மாட்டேங்கறீங்க? தப்பு உங்க மேலயும் இருக்குதுன்னு பயமா?”

பயம்தான். ஏழு வருஷப் பயம். நடந்தது 1991இல், இப்போது 1998. நான் ஆஞ்சப்பன், ஓசூரில் பற்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். ஜெய்னப்பின் புருஷன் முனீர் அகமது அதே கம்பெனியில் கடைசல் பிடிக்கும் டர்னர். தப்பு என்னவென்று ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் என்னைக் கொஞ்சம் நல்லவனாக நினைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும்.

2

முதல் வரி எழுதிப் பார்த்தேன்.

‘விடியற்காலைப் பனியில் கிருஷ்ணகிரி அணையின் நீர் வெள்ளித் தகடாக—’

(வேண்டாம். அன்று நான் அணைப் பக்கமே போகவில்லை. தகடு தகடாகப் பார்த்ததெல்லாம் ஒர்க்‌ஷாப்பில்தான்.)

‘முனீர் ஒரு பிறவி வீரன். அவன் கண்களில்—’

(பொய். பிறவியிலிருந்தே அவன் லேட். பிரசவத்துக்கு நாள் தாண்டிப் பதினைந்து நாள் கழித்துப் பிறந்தவன் என்று அவன் அம்மாவே சொல்லியிருக்கிறார்.)

சரி, எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ். அங்கே ஒரு பஞ்சிங் கடிகாரம். அட்டையைத் துளையில் விட்டு நெம்புகோலை அழுத்தினால் மணியும் நிமிடமும் அச்சாகும். அதைத் திருத்தி வைக்கும் சாவி என்னிடம் மட்டும் இருந்தது. ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் கிரேஸ் உண்டு. இரண்டு மணி ஷிப்டுக்கு இரண்டு ஐந்து வரை வரலாம். இரண்டு ஆறு என்றால் அரைநாள் போச்சு.

ஒருநாள் முனீர் இரண்டு ஆறுக்கு வந்தான். “ஒரே ஒரு நிமிஷம்ணா” என்று கெஞ்சினான். நான் அரைநாள் போட்டேன். அப்படியொரு ஆள் நான். பின்னால் வரப்போவதற்கு இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு பர்சனல் மேனேஜர் ஒரு போட்டி அறிவித்தார். வெளிநாட்டு ட்ரெய்னிங் போன இடத்தில் பார்த்தாராம். முதலில் கிருஷ்ணகிரி அணையில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல். ஈரம் காய்வதற்குள் அங்கிருந்து ஓசூர் வரை சைக்கிள், அப்படியே உத்தனப்பள்ளி போய்த் திரும்ப வேண்டும், எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். அப்புறம் பாகலூர் ரோட்டில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மதியம் இரண்டு மணிக்குள் கம்பெனி கேட்டில் அட்டை பஞ்ச் பண்ண வேண்டும். சரியாக ஒரு ஷிப்ட்.

“டெம்பரவரி ஆளுங்க யாராவது முடிச்சா அன்னைக்கே பர்மனென்ட்” என்றார்.

முனீர் மூன்று வருஷமாக டெம்பரவரி. எட்டு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, மறுபடி கூப்பிடுவார்கள். அன்று மத்தியானமே பேர் கொடுத்துவிட்டான்.

“சார், அன்னைக்கு எனக்கு செகண்ட் ஷிப்டு. லீவு கிடைக்குமா?”

“ரெண்டு மணிக்குத்தான் முடிஞ்சிடுதேப்பா. அப்புறம் எதுக்கு லீவு?”

(இந்த வசனத்தை நான் கற்பனை செய்ததாக யாராவது சொன்னால், என்னைவிடப் பெரிய எழுத்தாளர் அந்த மேனேஜர்தான்.)

4

சைக்கிள். பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டிய ரேஸ் சைக்கிள், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் பார். கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றினான். சீட் கம்பியில் வரிசையாக ஓட்டை போட்டு எடையைக் குறைத்தான். சீட் உயரத்தை, நூலளவும் பிசகாத வெர்னியர் கருவி வைத்து அளந்தான். பின்சக்கரத்துக்குப் பதினாலு பல்லில் ஒரு குட்டிப் பற்சக்கரத்தைக் கடைந்து மாட்டினான். “சின்னதா இருந்தா ஸ்பீடு பிச்சிக்கும்ணா!”

ஜெய்னப் பழைய பஸ் சீட் ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைத்து ஒரு அரைக்கால் சட்டை தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவன் அணையில் குதித்தபோது ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்து, ஆளை அடிக்கு இழுக்க, மீன்காரர்கள் வந்து தூக்க வேண்டியதாயிற்று.

(இந்தப் பகுதியை ஜெய்னப்பிடம் படித்துக் காட்டினேன். “யா அல்லா! தண்ணிக்கு வேற சட்டை, சைக்கிளுக்கு வேற சட்டைன்னு ரெண்டு தச்சேன். எழுதினதை அடிங்கண்ணா” என்றாள். அடிக்கவில்லை. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை.)

5

இப்போது என் தப்பு.

பயிற்சிக்கு சார்ட் போட்டுக்கொடுத்தது நான். செகண்ட் ஷிப்ட் என்பதால் அவனுக்குக் காலை நேரம் ஓய்வு. ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து சைக்கிளில் கிருஷ்ணகிரி, அணையில் நீச்சல், மாமியார் வீட்டில் இட்லி, பன்னிரண்டு மணி பஸ்ஸின் கூரையில் சைக்கிளைக் கட்டித் திரும்பி வருதல். பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனிக்கு ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு உண்மையான காரணம் என் கடிகாரம்.

இரண்டு மாதம் இப்படி. சைக்கிளுக்கு ஆகும் நேரம் இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு வந்தது. நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். உத்தனப்பள்ளிக்கும் பாகலூர் ரோட்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து, மதியம் ஒன்றேகாலுக்கே முடித்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போட்டிக்கு நாலு நாள் முன்பு பஸ் கண்டக்டர் திம்மராயன் கூரை மேல் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டாராம்: “ஏம்பா, ரேசு எந்தப் பக்கம்?”

“டேம்ல இருந்து ஓசூருக்கு.”

“ஏத்தத்துல? அப்ப தெனம் எறக்கத்துல உட்டுகினு வந்து, ஏத்தத்துக்கு எம் பஸ்ஸுல ஏறுறியே, ரேசன்னைக்கும் நான்தான் ஏத்திகினு வரணுமா?”

ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்தில் இருக்கிறது. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் என் சார்ட்டில் கிலோமீட்டர், நிமிடம், கையெழுத்து என்று மூன்றே கட்டங்கள். போனாலும் வந்தாலும் அதே தூரம்தானே என்று இருந்துவிட்டேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ரோடு எங்கே தெரியும்?

முனீர் என்னைத் திட்டவில்லை. சார்ட்டை எடுத்துப் பார்த்தான். “கையெழுத்து நல்லா இருக்குதுண்ணா” என்றான். எனக்கு உயிரே போய்விட்டது.

6

மறுநாள் காலை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு மிதித்துப் பார்த்தான். வழியில் வரும் மேலுமலை ஏற்றத்தில் அந்தப் பதினாலு பல் அவனை நகரவே விடவில்லை. இறங்கித் தள்ளினான். ஊருக்கெல்லாம் பற்சக்கரம் செய்கிற கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன், ஏற்றத்துக்குப் பல் அதிகம் வேண்டும் என்பதை ஏற்றத்தில்தான் யோசித்தான். டூல் ரூம் கோவிந்தப்பனிடம் கேட்டு, சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து, இருபத்தெட்டுப் பல்லில் ஒன்று செய்தார்கள். சைக்கிளைச் சரிசெய்தாயிற்று. கால்களை மூன்றே நாளில் யார் செய்து தருவது?

7

போட்டி நாள். நான் டைம் ஆபீஸை விட்டு நகர முடியாது. ஆகவே வாசகர்களே, வீரதீரக் காட்சிகள் எதுவும் என்னிடம் இல்லை. திம்மராயனின் பஸ் கேட்டைத் தாண்டும்போது அவர் படியில் தொங்கிக் கத்தியதுதான் என் நேர்முக வர்ணனை.

“மேலுமலை ஏறிட்டான்! தள்ளல, மிதிச்சான்!”

பன்னிரண்டே காலுக்குத்தான் உத்தனப்பள்ளியிலிருந்து திரும்பி, கேட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். இருபத்தோரு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். போட்டியில் மிச்சம் ஐந்து பேரில் மூன்று பேர் பாதி வழியில், சூளகிரியிலேயே படுத்துவிட்டார்கள். இரண்டு பர்மனென்ட் ஆட்கள் முன்பே முடித்து மாலையோடு நின்றார்கள்.

ஜெய்னப் கேட்டோரம் நின்றிருந்தாள். ஒன்று ஐம்பதுக்கு என் ஜன்னலுக்கு வந்தாள்.

“அண்ணா, உங்க மிஷினு ஒருநாளாவது மெதுவா ஓடக்கூடாதா?”

“அதெல்லாம் முடியாதும்மா” என்றேன். சொல்லும்போதே கை சட்டைப்பையில் சாவியைத் தடவியது. எனக்கே அசிங்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

8

முடிவுகள்.

(அ) ஒன்று ஐம்பத்தொன்பதுக்கு ஓடி வருகிறான். இரண்டு மணிச் சங்கு ஊதுகிறது. எல்லோரும் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். முனீர் படித்துவிட்டு, “நான் எப்பண்ணா நேரத்துக்கு வந்திருக்கறன்?” என்றான்.)

(ஆ) வழியில் மயங்கி விழுகிறான். (ஜெய்னப் என்னைக் கொன்றுவிடுவாள்.)

(இ) நடந்தது. சொல்ல முடிந்த வரைக்கும் சொல்கிறேன்.

சங்கு ஊதிவிட்டது. மேனேஜர் மாலைக்காரர்களோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். முனீர் வளைவில் தெரிந்தான். ஒரு காலை இழுத்துக்கொண்டு, வாய் பிளந்து, ஆனால் ஓடிக்கொண்டு. ஜன்னலுக்கு வந்து பலகையைப் பிடித்துக்கொண்டான். கடிகாரம் இரண்டு மூன்று காட்டியது.

“மணி என்னண்ணா?”

“ரெண்டு மூணு.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். அழுவான் என்று நினைத்தேன். அவன் சட்டைக்குள்ளிருந்து ரேஸ் அட்டையை எடுத்து வைத்தான். அப்புறம் சுவரில் இருந்த அட்டைத் தட்டைக் காட்டினான்.

“செகண்ட் ஷிப்டு அட்டையையும் குடுங்கண்ணா. வேலைக்கு நான் லேட் இல்லல்ல? கிரேஸ் இருக்குதுல்ல?”

ஒரே ஆள், ஒரே நிமிடம். வேலைக்கு அவன் நேரத்துக்கு வந்தவன். ரேஸுக்கு லேட். இரண்டு மணிக்குள் கேட்டில் பஞ்ச் பண்ண வேண்டும் என்றுதான் போட்டி சர்க்குலர் சொன்னது. அந்தக் கேட்டில் கிரேஸ் உண்டா இல்லையா என்று எந்த வரியிலும் இல்லை. நாலைந்து தடவை படித்திருக்கிறேன், இல்லை.

9

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது, கம்பெனியிலும் கதை படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முனீரைக் கேட்டால் சிரிப்பான். ஜெய்னப்பைக் கேட்டால், “அண்ணன் எழுதட்டும்” என்பாள்.

ஆகவே நீங்கள் என் நாற்காலிக்கு வாருங்கள். உட்காருங்கள், ஒரு கால் ஆடும், பார்த்து. உங்கள் கையில் இரண்டு அட்டைகள். எதிரே ஒரே துளை. சட்டைப்பையிலிருந்து எடுத்த சாவி மேசை மேல் இருக்கிறது. மேனேஜர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஜெய்னப் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள். அந்தத் தப்பான சார்ட்டைப் போட்டதும் நீங்கள்தான்.

அவசரமில்லை, யோசியுங்கள். கிரேஸ் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது.